டாக்டர் வரும் வரைக்கும்: ஐசியு நர்ஸ் உருவான கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

ஐசியுன்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல என்ன படம் வருது? நிறைய பேருக்கு மெஷின்தான் வரும். பீப் பீப்னு சத்தம் போடுற மானிட்டர், வென்டிலேட்டர், வரிசையா நாலஞ்சு சிரிஞ்ச் பம்ப். நம்ம சினிமாவும் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கு. பச்சைக் கோடு நேரா ஓடினா ஹீரோவோட அம்மா காலின்னு அர்த்தம்.

ஆனா ஐசியு பிறந்தப்போ அங்க பெரிசா மெஷின் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் பை, அதை அழுத்த ரெண்டு கை, பக்கத்துல கண்ணை எடுக்காம ஒரு ஆள். பக்கத்துல இருக்கிற அந்த ஆளுக்கு என்னென்ன செய்ய அனுமதி உண்டுங்கிற கேள்விதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

கதை 1952ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் அங்கே போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் மருத்துவமனையில் மட்டும் சுமார் 2,700 பேர் சேர்க்கப்பட்டார்கள். அதில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்துபோயின. நோயாளிக்குத் தானாக மூச்சு விட முடியாது. எச்சிலை விழுங்க முடியாது, அது நுரையீரலுக்குள் இறங்கும்.

அன்றைக்கு அதற்கிருந்த முக்கியக் கருவி 'இரும்பு நுரையீரல்'. ஆளைக் கழுத்து வரைக்கும் ஒரு உருளைக்குள் படுக்க வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து நெஞ்சை விரிய வைக்கிற பெட்டி அது. பிளெக்டாமில் அப்படி ஒன்றுதான் இருந்தது. கூடவே, நெஞ்சில் மட்டும் கவசம் மாதிரி மாட்டுகிற சின்ன கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் இந்தக் கருவிகளில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் மூன்று நாளைக்குள்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசென். வேறு வழி தெரியாத நிலையில், மோயன்ஸ் பியோர்னெபோ என்கிற மருத்துவர் சொன்ன யோசனைப்படி ஒரு மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர் பியோர்ன் இப்சன். அன்றைக்கு மயக்க மருந்துக்காரர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவதே அபூர்வம். வந்தவர் இறந்தவர்களின் ரிப்போர்ட்களைப் பார்த்தார். ரத்தத்தில் பைகார்பனேட் அளவு கூடியிருந்தது. ஏதோ காரத்தன்மைப் பிரச்சினை என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். இப்சன் அதை வேறு மாதிரி படித்தார்: மூச்சு போதவில்லை, கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகாமல் தேங்குகிறது.

ஆகஸ்ட் 27. சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி. தொண்டையில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகினார்கள். இப்சன் ரப்பர் பையால் காற்றைச் செலுத்த முயன்றார், உள்ளே போகவில்லை. அந்தக் குழந்தை திமிறினாள். பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் சிலர், இது முடிந்த கதை என்று அறையை விட்டே போய்விட்டார்கள். இப்சன் மயக்க மருந்தைக் கொடுத்தார். உடல் தளர்ந்தது, பை அழுத்த அழுத்த நெஞ்சு ஏறி இறங்கியது, நிறம் திரும்பியது. சும்மா விடவில்லை மனுஷன். அவளை மறுபடி பழைய கருவியில் போட்டுக் காட்டினார், கார்பன் டை ஆக்ஸைடு ஏறியது. மறுபடி பைக்கு மாற்றினார், இறங்கியது. நம்ம பாஷையில சொன்னா, பக்கை ரீப்ரொட்யூஸ் பண்ணிக் காட்டிட்டார்.

சரி, முறை கிடைத்துவிட்டது. யார் அழுத்துவது? ஒரே நேரத்தில் 70 பேருக்குப் பை அழுத்த வேண்டிய நாட்கள் வந்தன. பகலும் இரவும், நிமிடத்துக்கு இத்தனை தடவை என்று, வாரக்கணக்கில். மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் ஷிஃப்ட் போட்டு உட்கார வைத்தார்கள். மொத்தம் சுமார் 1,500 மாணவர்கள், சுமார் 1,65,000 மணி நேரம். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இப்சனையும் மாணவர்களையும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனா தொண்டையில் குழாய் போட்ட ஒருத்தரை யோசிச்சுப் பாருங்க. சளியை அடிக்கடி உறிஞ்சி எடுக்கணும், இல்லைன்னா குழாய் அடைச்சுக்கும். புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாகும். பேச முடியாத ஒரு குழந்தையோட கண்ணைப் பார்த்தே வலிக்குதா, பயமான்னு கண்டுபிடிக்கணும். அதெல்லாம் நர்ஸ்களின் வேலை. கொஞ்ச காலத்தில் ஸ்வீடன்காரர் எங்ஸ்ட்ரோம் வடிவமைத்தது போன்ற வென்டிலேட்டர்கள் வந்தன. பை அழுத்திய மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பிப் போனார்கள். நர்ஸ் அங்கேயே இருந்தார்.

அடுத்த வருஷம், 1953 டிசம்பரில், அதே நகரத்தின் கொம்யூன் மருத்துவமனையில் இப்சன் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். எந்தத் துறை நோயாளியானாலும் சரி, உயிருக்கு ஆபத்தென்றால் இங்கே வரலாம், 24 மணி நேரமும் ஆள் இருக்கும். உலகின் முதல் ஐசியு என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்காக ஒதுக்கிய இடம் எது தெரியுமா? நர்சிங் மாணவிகளின் வகுப்பறை!

இதற்கு முன்னால் இந்த யோசனையே யாருக்கும் வரவில்லை என்று சொல்ல முடியாது. மோசமான நிலையில் இருக்கிறவர்களை நர்ஸின் பார்வைக்குப் பக்கத்தில் படுக்க வைக்கிற வழக்கம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் காலத்திலேயே உண்டு. 1923ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டான்டி மூளை ஆபரேஷன் முடிந்தவர்களுக்காக மூன்று படுக்கைகளை ஒதுக்கி, தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களை வைத்தார். ஜூலி ஃபேர்மன், ஜோன் லைனா என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் 1998ல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை நர்சிங்கின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் இதுதான்: ஐசியுவின் அடிப்படை, விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. மெஷின்கள் பிறகு வந்து அதில் சேர்ந்துகொண்டன. நான் இதை முழுசா ஒத்துக்கிறேன்.

சரி, பார்க்கிறார். பார்த்த பிறகு? இந்தக் கேள்வி வெடித்த இடம் இதய வார்டு.

மாரடைப்பு வந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் இருக்கிற பெரிய ஆபத்து, இதயத்தின் தாளம் திடீரென்று குலைந்து போவது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் நகராது. சில நிமிஷத்தில் மூளை சேதமாக ஆரம்பித்துவிடும். 1950களில் இதற்குச் செய்ய முடிந்தது மிகக் குறைவு. ஆனால் 1956ல் பால் ஸோல் நெஞ்சுக்கு மேலிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து தாளத்தைத் திருப்பலாம் என்று காட்டினார். 1960ல் கூவன்ஹோவன் குழு, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று காட்டியது. இன்றைக்கு நாம் சிபிஆர் என்று சொல்வதன் அடித்தளம் அது.

ஆக 1960லேயே தீர்வு கையில் இருக்கு. அப்படியும் ஆட்கள் சாகிறார்கள். ஏன்? வார்டில் யாருக்கோ தாளம் குலைந்ததை முதலில் பார்ப்பது நர்ஸ். அவர் டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்டர் வேறு மாடியில் இருப்பார், அல்லது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும். கருவி கட்டில் பக்கத்திலேயே இருக்கும், நர்ஸும் அங்கேயே இருப்பார், ஆனால் தொட அனுமதி இல்லை. ஐடியில் இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-கால்ல நீங்க இருக்கீங்க, சர்வர் விழுந்துடுச்சு, உங்ககிட்ட ப்ரொடக்‌ஷன் ஆக்சஸ் கிடையாது, மேனேஜர் ஃபோன் எடுக்கலை. நமக்கு அதிகபட்சம் ஒரு வெப்சைட் போகும்.

1961ல் எடின்பரோவில் இருந்த டெஸ்மண்ட் ஜூலியன் என்கிற இளம் மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து, தொடர்ந்து கண்காணித்து, அங்கிருக்கும் ஊழியர்கள் எல்லோருக்கும் உயிர்ப்பிக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 1962 மே மாதம் அமெரிக்காவின் கன்சாஸில் பெத்தனி மருத்துவமனையில் ஹியூஸ் டே இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவைத் திறந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஃபிலடெல்ஃபியாவின் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் இன்னும் ஒரு படி போனார். அவருடைய திட்டத்தின் மையத்தில் இருந்தவர் நர்ஸ். ரோஸ் பின்னியோ என்கிற நர்ஸ் அந்தப் பிரிவின் நர்சிங் பொறுப்பை ஏற்றார். நர்ஸ்களுக்கு ஈசிஜி படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தாளம் குலைந்தால், டாக்டருக்குக் காத்திருக்காமல், அவர்களே மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். 1965ல் மெல்ட்சர், பின்னியோ, கிச்செல் மூவரும் சேர்ந்து நர்ஸ்களுக்கென்றே இதயத் தீவிர சிகிச்சைக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள்.

இது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்கு இப்ப புரியாது. ரத்த அழுத்தம் பார்க்கிறதே ஒரு காலத்தில் டாக்டருக்கு மட்டும் உரிய வேலையாக இருந்தது. நர்ஸ் ஈசிஜியைப் பார்த்து 'இது ஃபிப்ரிலேஷன்' என்று சொன்னால், அது நோயைக் கண்டறிவது. கண்டறிவது டாக்டரின் எல்லை. அதனால் மருத்துவமனைகள் ஒரு வழி கண்டுபிடித்தன: முன்கூட்டியே எழுதிவைத்த உத்தரவு. இந்தத் தாளம் தெரிந்தால் இதைச் செய், அந்தத் தாளம் தெரிந்தால் அந்த மருந்தைக் கொடு. நம்ம ரன்புக் மாதிரிதான். காகிதத்தில் டாக்டரின் கையெழுத்து இருக்கும், ஆனால் அந்த நொடியில் படித்துப் புரிந்து முடிவெடுப்பது நர்ஸ்.

பலன் என்ன? 1967ல் நியூயார்க்கில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பல் இருவரும் 250 மாரடைப்பு நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஷாக் நிலைக்குப் போகாத நோயாளிகளில் சாதாரண வார்டில் இறப்பு 26%, இதயப் பிரிவில் 7%. இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கு. ஷாக் நிலைக்குப் போனவர்களில் 81% பேர், இந்தப் பிரிவில் இருந்தும், இறந்துவிட்டார்கள். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதயத் தசையே செத்துப் போன இடத்தில் இந்தப் பிரிவால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. உடனே கவனித்து, உடனே கை வைத்தால் சரியாகக்கூடிய இடத்தில்தான் உயிர்கள் மிஞ்சின. அந்த 'உடனே' பெரும்பாலும் கட்டில் பக்கத்தில் நிற்கிறவரின் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1969ல் அமெரிக்காவில் இதய நர்ஸ்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே பெயரில் 'இதய' என்பது 'தீவிர சிகிச்சை' என்று மாறியது. 1976ல் சிசிஆர்என் என்ற சான்றிதழ்த் தேர்வு வந்தது. இன்றைக்கும் அங்கே ஐசியு நர்ஸ்கள் பேட்ஜில் போட்டுக்கொள்கிற எழுத்துகள் அவை. இன்னொரு பக்கம், 1965ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 'நர்ஸ் ப்ராக்டிஷனர்' படிப்பைத் தொடங்கியிருந்தார்கள். அது கிராமப்புறக் குழந்தைகளுக்கான ஏற்பாடு, ஐசியுவுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தம் இல்லை. 1990களில்தான் இரண்டு கோடுகளும் சந்தித்து, தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று வேறு ஒரு விஷயம் பேசணும்.

எங்க பெரியம்மா பொண்ணு ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுல நர்ஸ். அக்காவோட நைட் ஷிஃப்ட் 12 மணி நேரம். மணிக்கொரு தடவை சிறுநீர் அளவு எழுதணும், ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், நடுவுல சக்‌ஷன், மருந்து, சொந்தக்காரங்க கேள்வி. ஒரு தடவை அக்கா டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, "சார், அந்த ஆறாம் பெட் எனக்குச் சரியாப் படலை"ன்னு சொல்லியிருக்காங்க. "பிபி நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், சாச்சுரேஷன் 96 இருக்கு, என்ன சரியில்லை?" அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியலை. மூச்சு இழுக்கிற விதம், தோலோட நிறம், போர்வையைப் பிடிச்சிருக்கிற கை, எல்லாம் சேர்ந்து ஏதோ சொல்லுது. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு அந்த நோயாளிக்கு டியூப் போட வேண்டியதாச்சு. "முன்னாடியே சொன்னேன்னு சார்ட்ல எழுதினீங்களாக்கா"ன்னு கேட்டேன். "எழுதினேன். என்ன எழுத? சரியாப் படலைன்னா எழுத முடியும்?"னாங்க.

அந்த 'சரியாப் படலை'யை ஆராய்ச்சியாக்கினவங்க பாட்ரிஷியா பென்னர். 1984ல் அவர் எழுதிய 'ஃப்ரம் நாவிஸ் டு எக்ஸ்பர்ட்' நர்சிங் படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த புத்தகம். பெர்க்லியில் இருந்த டிரைஃபஸ் சகோதரர்கள், ஒருத்தர் தத்துவ ஆசிரியர், இன்னொருத்தர் பொறியியல் ஆசிரியர், அமெரிக்க விமானப் படைக்காகத் திறமை எப்படி வளர்கிறது என்று ஒரு மாதிரியை உருவாக்கியிருந்தார்கள். பென்னர் அதை எடுத்துக்கொண்டு நர்ஸ்களிடம் போய்ப் பேசினார். புதிதாக வந்தவர் விதியைப் பார்த்து வேலை செய்வார். வருஷங்கள் போகப் போக ஐந்து படிகள் ஏறி, கடைசியில் விதி பின்னால் போய்விடும், நிலைமை முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். ஏன் தெரிந்தது என்று உடனே பிரித்துச் சொல்ல வராது. அது மந்திரமும் இல்லை, குருட்டு யூகமும் இல்லை. ஆயிரக்கணக்கான ராத்திரிகளின் சேமிப்பு. சாஃப்ட்வேர் ஆட்கள் சிலருக்கு இந்த டிரைஃபஸ் மாதிரி ஆண்டி ஹன்ட் எழுதிய புத்தகம் வழியா தெரிஞ்சிருக்கும். பென்னரோட நர்ஸ்களைத்தான் அவரும் உதாரணம் காட்டுவார். இன்னொரு சின்ன தகவல்: பென்னர் புத்தகத்தையும் 'ப்ராக்மாடிக் ப்ரோக்ராமர்' புத்தகத்தையும் வெளியிட்டது ஒரே பதிப்பகம், அடிசன்-வெஸ்லி.

பென்னர் கிளப்பிய சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. கட்டில் பக்கத்தில் இவ்வளவு அறிவு சேர்கிறது என்றால், பதவி உயர்வு ஏன் அவரைக் கட்டிலை விட்டுத் தூக்கிக்கொண்டு போகிறது? நல்ல நர்ஸ் என்றால் இன்-சார்ஜ் ஆக்கு, அப்புறம் சூப்பரின்டெண்டென்ட் ஆக்கு, ட்யூட்டி ரோஸ்டரும் இண்டென்ட் நோட்டும் கையில் கொடு. நல்லா கோட் எழுதுறவரை மேனேஜராக்கி கோட் எழுத விடாம பண்ற அதே கதை. நம்ம துறை அதுக்குத் தனி ஏணி வெச்சுது, ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர்னு. நர்சிங்கிலும் அமெரிக்க மருத்துவமனைகள் 1970கள், 80களில் 'கிளினிக்கல் லேடர்' கொண்டுவந்தன, கட்டில் பக்கத்திலேயே இருந்துகொண்டு படியும் சம்பளமும் ஏறலாம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வாக்கில் கன்சல்டன்ட் நர்ஸ் பதவி வந்தது. ஐசியு நர்ஸ்கள் மற்ற வார்டுகளுக்குப் போய், மோசமாகப் போகிறவர்களை முன்கூட்டியே பிடிக்கிற 'அவுட்ரீச்' குழுக்களும் அதே காலத்தில் அங்கே பரவின. அதாவது, அக்காவோட 'சரியாப் படலை'யைக் கேட்கிறதுக்குன்னே ஒரு குழு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் பிஎஸ்சி நர்சிங் 1946ல் டெல்லியிலும் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கியது. படிப்பில் நாம் பின்தங்கினவர்கள் கிடையாது. 2016-17 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் ப்ராக்டிஷனர் முதுகலைப் படிப்பை அறிமுகப்படுத்தியது. இரண்டு வருஷம், ரெசிடென்சி முறை, 20% வகுப்பு, 80% வார்டு. சேரவே ஒரு வருஷ அனுபவம் வேணும். பாடத்திட்டத்தைப் படிச்சா மெல்ட்சரும் பின்னியோவும் சந்தோஷப்பட்டிருப்பாங்க. ஆனா அதை முடிச்சு வெளியே வர்றவருக்கு அந்தப் பெயரில் தனிப் பணியிடம் பரவலா இல்லை. முடிச்சுட்டு வந்தும் பழைய ஸ்டாஃப் நர்ஸ் வேலைன்னா, அந்த எண்பது சதவீதத்தை யார் பயன்படுத்திக்கிட்டாங்க?

அதுக்கும் கீழே ஒரு படி இருக்கு. 2015ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்ஆர்பி, தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நடக்காததால், 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிரந்தரமே ஆகாத ஒருத்தர்கிட்ட 'அஞ்சாவது படி'யைப் பத்தி என்ன பேசறது? வெளிநாட்டு வேலைக்கு ஐசியு அனுபவச் சான்றிதழ் வாங்கி, தேர்வு எழுதி, விமானம் ஏறுவதுதான் அவங்களுக்குத் தெரியும் ஏணி. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் ஆன்சைட் கேட்டு நின்னவன்தான்.

எண்ணிக்கையும் இதில் சேரணும். கலிஃபோர்னியாவில் ஐசியு நர்ஸ் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு நோயாளிகள், அது சட்டம். 1999ல் நிறைவேற்றி 2004லிருந்து அமலாக்கிய சட்டத்தில் மற்ற வார்டுகளுக்கும் எண் வைத்தார்கள். ஒரு நர்ஸுக்கு நாலு வென்டிலேட்டர் கொடுத்துட்டா, நான் இதுவரைக்கும் சொன்ன கதை எதுவுமே நடக்காது. விடாம பார்த்தாத்தானே ஒண்ணு சரியாப் படலைன்னு தெரியும்.

ஐசியுல வேலை பார்க்கிற சிஸ்டர்கள், பிரதர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு உதவி. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே செய்யலாம்னு உங்க யூனிட்ல எழுத்துல இருக்கிற வேலைகள் எவை, எழுத்துல இல்லாம வழக்கமா நீங்களே செய்யற வேலைகள் எவை? மருத்துவமனை பேர் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. இரண்டாவது பட்டியல்தான் நீளமா இருக்கும்னு அக்கா பந்தயம் கட்டியிருக்காங்க.